தரை டிக்கெட்டும் நெல் மூட்டையும்

கேள்வி: எங்கள் தெருமுனைத் தியேட்டரை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தின் வரலாற்றை யாராவது எழுத வேண்டாமா?
ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: இடித்தா கட்டினார்கள்? இடிக்காமலே குடோன் ஆக்கியிருக்கலாமே! டெல்டாவில் எத்தனையோ தியேட்டர்கள் அப்படித்தான் மறுபிறவி எடுத்தன. நடுவில் தூண் கிடையாது, ஜன்னல் கிடையாது, அகலமான கதவுகள், லாரி வாசல்வரை வரும். நெல் மூட்டை அடுக்க வேறென்ன வேண்டும்? தை, மாசியில் கொள்முதல் நிலையத்து மூட்டைகள் வெட்டவெளியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மழைக்குப் பயந்து கிடப்பதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதாத வருஷம் இல்லை. நல்ல கூரையை இடித்துவிட்டுத் தார்ப்பாய் வாங்குகிற ஊர் நம் ஊர்.

ஒரு சிக்கல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாயும் மகனும் பிரிந்து சேர்கிற படங்கள் நூறு நாள் ஓடிய கொட்டகையில் அடுக்கினால் தாண்டாமல் இருக்குமா? தரை டிக்கெட்டில் பெண்கள் விட்ட கண்ணீர் சிமெண்டுக்குள் இன்னும் ஊறிக்கொண்டிருக்கும். பெஞ்சுப் பக்கம் பரவாயில்லை, ஆண்கள் துண்டில் துடைத்துக்கொண்டு ஜலதோஷம் என்பார்கள். அங்கே பொது ரகம் போடலாம். சேர் டிக்கெட் மிராசுதார்கள் டான்ஸ் வரும்வரை தூங்கியவர்கள். சொட்டு ஈரம் இருக்காது. சன்ன ரகத்தை அங்கே அடுக்கலாம்.

சரி, வரலாறு. கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள். 1955ஆம் வருஷச் சட்டப்படி தியேட்டர் நடத்த சி ஃபார்ம் லைசென்ஸ் வேண்டும். கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று, எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை வழி என்று எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும், கறையான் விட்டுவைத்திருந்தால். அப்புறம் புரொஜெக்டர் ஓட்டிய பழைய ஆபரேட்டர் யாராவது இருந்தால் பிடியுங்கள். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய, இடைவெளி பார்த்துத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தவர். 1000 அடி ரீல் 11 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஒற்றை புரொஜெக்டர் வைத்த டூரிங் கொட்டகைகளில் படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை விட்டது அதனால்தான். முறுக்குக்காரரும் சோடாக்காரரும் அதில்தான் பிழைத்தார்கள். ஊரில் எல்லோருக்கும் படம் காட்டிய ஆபரேட்டர் மட்டும் ஒரு படத்தையும் நிம்மதியாக முழுசாகப் பார்த்திருக்க மாட்டார். அவர் சொல்வதை முதலில் எழுதுங்கள். முதலாளி வீட்டுக்குப் பிறகு போகலாம், அவர்கள் வெள்ளிவிழாக் கேடயங்களைத்தான் காட்டுவார்கள்.

கொட்டகை என்றதும் நினைவு வருகிறது. தென்னாட்டு சினிமாவே கோவையில்தான் பிறந்தது என்று மாதம் தவறாமல் கடிதம் போடும் கோவை அன்பருக்கு: டூரிங் சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் பிறந்தது உங்கள் ஊர்தான். 1914இல் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டியதும் அங்கேதான். ஆனால் ரயில்வேயில் வரைபடம் போடுகிற வேலை பார்த்தவர், டூபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிப் படம் காட்டக் கிளம்பியது 1905இல், திருச்சியில். எங்கள் காவிரிக் கரையில். உங்கள் ஊர் நொய்யல் ஆறும் கடைசியில் காவிரியில்தானே வந்து விழுகிறது?