பச்சை படிந்த டியூடர் வெண்கலக் கடிகாரம்: வாங்கலாமா?

வார் மாட்டும் இடுக்கில் பச்சை படிந்த, பயன்படுத்திய டியூடர் வெண்கலக் கடிகாரம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சைக்காக மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் பார்த்திருப்பது 2016இல் வந்த 43 மில்லிமீட்டர் பிளாக் பே பிரான்ஸ் (Bronze, அதாவது வெண்கலம்). அந்த உலோகம் நிறம் மாறத்தான் செய்யும்; அதுவே அதன் அழகு.

வார் மாட்டும் இடுக்கில் மட்டும் பச்சை என்கிறீர்கள். பெரும்பாலும் வியர்வை உப்பு அங்கே தங்கி, வெண்கலத்தில் உள்ள செம்போடு வினைபுரிந்திருக்கும். பின்மூடி வெண்கல நிறம் பூசிய எஃகு என்பதால் அதில் இந்தப் பச்சை வராது.

விற்பவர் முன்னிலையிலேயே இதைச் செய்து பாருங்கள்:

1. நேரம் மாற்றும் பக்கத் திருகு இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஈரத்துணியில் ஒரு சொட்டு சோப்பு வைத்துப் பச்சையைத் துடையுங்கள்.
2. நகத்தால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் கவலையில்லை. குழிகள் தட்டுப்பட்டால் உலோகம் அரிக்கப்பட்டிருக்கிறது, வாங்காதீர்கள்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளியோ எலுமிச்சையோ போடவே வேண்டாம். ஆண்டுக்கணக்கில் ஏறிய பழுப்பு நிறம் சில நிமிடங்களில் போய்விடும்.

200 மீட்டர் நீர்த்தடுப்பு என்பது புதிதாக இருந்தபோது சொன்ன கணக்கு. ரப்பர் வளையங்கள் தளர்ந்திருக்கலாம்; அழுத்தச் சோதனை செய்யாமல் குளத்தில் இறங்காதீர்கள். அந்தச் செலவையும் விலையில் குறைத்துக் கேளுங்கள்.

நிறம் மாறுவதே பிடிக்காதென்றால் இது உங்களுக்கான கடிகாரம் அல்ல. ஒமேகா கடிகார நிறுவனத்தின் ‘பிரான்ஸ் கோல்டு’ என்ற வெண்கலக் கலவையில் 37.5 சதவீதம் தங்கம் கலந்திருப்பதால் பச்சை படியாது, ஆனால் விலை பல மடங்கு.