எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு?

பயிற்சி மையத்தின் பாடக் குறிப்புகள், வருகைப் பதிவு, கட்டணக் கணக்கு எல்லாவற்றையும் ஆசிரியர்கள் ஃபோனிலிருந்தே டிரைவில் ஏற்றுகிறார்கள், அது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சிறு தொழில் நடத்துபவர்களுக்கும் இதே பதில்தான்.

டிரைவ் செய்வது சிங்க், அதாவது ஒரு கருவியில் செய்யும் மாற்றத்தை மற்ற கருவிகளிலும் அப்படியே கொண்டுபோவது. ஒருவர் ஃபோனில் கைதவறி ஃபோல்டரை அழித்தால் எல்லாக் கருவிகளிலும் அது போய்விடும். டிராஷில் 30 நாள் இருக்கும், பிறகு தானாகவே காலி. விடுமுறை முடிந்து வந்து தேடினால் கிடைக்காது. ‘கூகுள் சர்வரே படுத்துவிடுமா?’ என்று கேட்க யாராவது வருவார்கள். நான் சர்வரைச் சொல்லவில்லை. நம் விரல் அழிப்பதையும், கூகுள் கணக்கு முடங்குவதையும் சொல்கிறேன்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கணினியில் தெரியும் டிரைவ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டுக்கொண்டு பேக்கப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பிடிஎஃப், வேர்டு கோப்புகள் சரியாக வந்துவிடும். கூகுள் ஷீட்ஸும் டாக்ஸும் வராது! அங்கே இருப்பது ஆன்லைன் கோப்புக்கான சுட்டி மட்டுமே. அளவைப் பாருங்கள்: ஆயிரம் வரிகள் இருக்கும் ஷீட்டும் ஒரு கேபி அளவில்தான் காட்டும். கூகுள் கணக்கு முடங்கிய அன்று அதைத் திறந்தால் லாகின் பக்கம்தான் வரும்.

கூகுள் டேக்அவுட் போங்கள், உங்கள் கூகுள் கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கிக்கொள்ள உதவும் சேவை அது. டிரைவை மட்டும் டிக் செய்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என ஓராண்டுக்குத் தேர்ந்தெடுங்கள். ஷீட் எக்ஸெலாகவும் டாக் வேர்டாகவும் மாறி வரும். மெயிலில் வரும் இணைப்பு ஒரு வாரம் போலத்தான் வேலை செய்யும், அதற்குள் ஹார்டு டிஸ்க்கில் இறக்கி, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் டேக்அவுட்டில் உங்களுக்குச் சொந்தமான கோப்புகள் மட்டுமே வரும். ஆசிரியர் தன் சொந்த ஜிமெயிலில் உருவாக்கிய ஷீட் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே கிடந்தாலும் உரிமையாளர் அவர்தான். அவர் வேலையை விட்டுப் போய்த் தன் கணக்கை மூடினால் வருகைப் பதிவும் கூடவே போகும். அதனால் முக்கியமான கோப்புகளை மையத்தின் கணக்கிலேயே உருவாக்கி, ஆசிரியர்களுக்கு எடிட் அனுமதி மட்டும் கொடுங்கள். அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) போட்டு, கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளையும் தாளில் அச்சிட்டுப் பூட்டி வையுங்கள். ஃபோன் தொலைந்தால் உள்ளே நுழைய அவை கைகொடுக்கும்.

டிரைவில் கிடைக்கும் இலவச 15 ஜிபி இடம், ஜிமெயிலுக்கும் ஃபோட்டோஸுக்கும் சேர்த்துத்தான். நிரம்பினால் மெயில் வருவதும் நின்றுபோகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கு பார்த்தாலும் இதுதான் நடக்கிறது. மதிப்பெண் ஷீட்டை ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வைத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளின் பெயர், பெற்றோர் எண் எல்லாம் யார் கைக்கும் போகலாம். குழுவிலும் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிகிறது. ஆசிரியரின் சொந்த எண்ணும்தான். இரவு பதினொரு மணிக்கு அவருக்கு அழைப்பு வந்தால் யார் பொறுப்பு? பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் பெற்றோர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. அட்மின் எண்ணாக மையத்தின் எண்ணையே வையுங்கள். மதிப்பெண்ணை அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாக அனுப்புங்கள்.