மிளகும் மைக்கும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் நாமக்கல்லில் இருக்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 68. கணவர் தவறிய பிறகு மாலை நேரம் மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது. போன வருடம் டெக்சாஸில் மகள் வீட்டில் இருந்தபோது, அங்கே பல்கலைக்கழகத்தை ஒட்டி நடக்கும் ஓஷர் வாழ்நாள் கல்வி நிலையத்தில் மகள் என்னைச் சேர்த்துவிட்டாள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கானது. பல ஊர் நிலையங்கள் தங்கள் ஜூம் வகுப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு ஊரில் பாடம் நடந்தால் ஐந்தாறு ஊர்க்காரர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். ஊர் திரும்பிய பிறகும் நான் விடவில்லை. அவர்களுடைய காலைப் பத்து மணி நமக்கு இரவு எட்டரை.

இப்போது உணவின் வரலாறு என்று ஒரு வகுப்பு. நடத்துபவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர், என்னைவிட மூத்தவர். சுவாரசியமாகப் பேசுவார். போன வாரம் மிளகு. கருமிளகும் வெள்ளை மிளகும் வேறு வேறு செடியில் விளைகின்றன என்று சொன்னார். இரண்டும் ஒரே கொடிதான். என் பிறந்த வீடு கொல்லிமலை. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் மிளகு பறித்து வளர்ந்தவள் நான். சொல்லலாமா என்று நினைத்தேன். நான் எப்போதும் கேமராவையும் மைக்கையும் அணைத்துத்தான் வைப்பேன். என் ஆங்கிலம் அப்படி. விட்டுவிட்டேன்.

நான் கேட்க வந்தது இதுதான். மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் ஏதாவது படிப்பில் சேர்ந்து முறையாகச் சான்றிதழ் வாங்கலாமா? என் வயதுக்கு எந்தப் படிப்பு சரிவரும்? படித்தது மறுநாள் மறந்துபோகிறது, அதற்கு ஏதாவது வழி உண்டா? மாப்பிள்ளை வேறு, 'இதையெல்லாம் படிச்சு என்ன பண்ணப் போறீங்க அத்தை' என்று சிரிக்கிறார். டேப்லெட் போதுமா, லேப்டாப் வாங்கவா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

உங்களைத் திட்டப்போகிறேன். அதற்கு முன்னால் சின்னக் கேள்விகளை முடித்துவிடுகிறேன்.

ஸ்வயமில் படிப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு எழுத வேண்டும், அதற்குத்தான் கட்டணம். ஆசைப்பட்டால் சேருங்கள். ஆனால் பீரோவில் ஏற்கெனவே இருக்கும் பட்டங்களை நீங்கள் கடைசியாக எப்போது வெளியே எடுத்தீர்கள்? ஓய்வூதிய வேலையாக இருந்திருக்கும். இன்னொரு காகிதத்தை அதன் மேல் வைப்பதற்காகவா தேர்வுக்குப் படிக்கப் போகிறீர்கள்? மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். அவருக்கும் ஒருநாள் மாலை நேரம் நகராமல் போகும், அப்போது உங்களிடம் வந்து வகுப்பின் முகவரி கேட்பார். ஞாபக மறதி? கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018இல் தம் 96ஆவது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். வாங்கிய கையோடு, அடுத்து கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்றார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது என்பது சரி. மறந்தால் மறக்கட்டும், மறுபடி கேளுங்கள். உங்களுக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை. லேப்டாப் வாங்குங்கள்.

இனி மிளகு.

ஒரு தாவரவியல் ஆசிரியை. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியிருப்பீர்கள். கொல்லிமலையில் பிறந்து, கொடியில் கை வைத்து வளர்ந்தவர். பச்சையாக முற்றிய காயைப் பறித்து வெயிலில் போட்டால் தோல் சுருங்கிக் கறுத்துக் கருமிளகாகும், பழுத்துச் சிவந்ததைத் தண்ணீரில் ஊறவைத்துத் தோலைக் கசக்கி நீக்கிக் காயவைத்தால் வெள்ளை மிளகு கிடைக்கும் என்று புத்தகத்திலும் படித்தவர், வாசலில் பாயை விரித்து நேரிலும் பார்த்தவர். அந்தக் கூட்டத்தில் இதை இரண்டு பக்கமும் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருந்திருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் மைக் அணைந்திருந்தது. ஐந்தாறு ஊர்ப் பெரியவர்கள் தவறான தகவலோடு சாப்பிடப் போனார்கள். ஆங்கிலம் என்கிறீர்கள். 'சேம் பிளான்ட் சார், ஐ க்ரூ அப் வித் இட்.' இதற்கு மேல் என்ன ஆங்கிலம் வேண்டும்? உங்கள் வகுப்பில் ஒரு மாணவி விடை தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? எழுப்பி நிறுத்தியிருக்க மாட்டீர்களா?

இவ்வளவு கோபம் எதற்கென்றால், கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் மெல்ல மெல்லப் பார்வையாளர்களாகிவிட்டார்கள். காலையில் ஒரு ஆன்மிகச் சொற்பொழிவு, மதியம் யூடியூபில் வரலாறு, மாலையில் இலக்கியக் கூட்டம். எங்கே போனாலும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறார்கள். கேள்வி நேரம் வந்தால் மைக்கை வாங்கி, 'அருமையான உரை' என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நாற்பது வருடம் ரயில் ஓட்டியவர், கருவூலத்தில் கணக்குப் பார்த்தவர், ஆயிரம் பிரசவம் பார்த்த நர்ஸ் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்தது எதுவுமே அறிவில் சேராது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் கல்லூரி மாணவன். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சம்பளம் இல்லாமல் பாடம் எடுத்தோம். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் பெண்கள் சைக்கிள் கற்றதைச் சொல்வார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கிழவி. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் கணக்கில் கற்பவர் வயது 15 முதல் 35 வரை. எங்கள் மாவட்டத்தில் அதைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பதிவேட்டில் இடமில்லை. இந்த அப்பத்தா பேத்திக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு வருவார். விளக்கு வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து வெற்றிலையை இடித்துக்கொண்டிருப்பார். நானும் அவரைக் கண்டுகொண்டதில்லை, அவரும் என்னை.

ஒருநாள் கணக்குப் பாடம். எட்டுப் படி ஒரு மரக்கால், அப்படியானால் பத்து மரக்கால் நெல் எத்தனை படி என்று கேட்டேன். பெண்கள் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "எந்தப் படிய்யா?"

எனக்குப் புரியவில்லை. அப்பத்தா உரலைக் கீழே வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு வந்தார். சின்னப் படி என்றால் எட்டு, பெரிய படி என்றால் நாலு என்றார். அதோடு விடவில்லை. "நெல்லு கடனா வாங்குறப்ப ஒரு மரக்கா, திருப்பிக் குடுக்கறப்ப ஒரு மரக்கா. அது தெரியுமா ஒனக்கு?" அவ்வளவுதான், வகுப்பே களைகட்டிவிட்டது. எந்த வீட்டில் எந்த மரக்கால், அறுப்புக் கூலியில் எப்படிக் கை வைப்பார்கள், மரக்காலின் அடியில் மெழுகைப் பூசுவது யார் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். அதுவரை நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல மட்டுமே வாய் திறந்தவர்கள். மடியில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டன. அன்றைக்கு நான் எழுதிப்போட்ட கணக்கை யாரும் போடவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து எண்களைக் கற்பதில் அவர்களுக்கு ஒரு வேகம் வந்தது. எதற்காகக் கற்கிறோம் என்பதை அப்பத்தா சொல்லிவிட்டாரே. கடைசிவரை அவர் தன் பேரை மட்டும்தான் எழுதினார், அதுவும் கோணல்மாணலாக. எனக்குக் கணக்கு வாத்தியார் அவர்தான்.

சரி, உங்கள் ஓஷர் நிலையத்துக்கு வருகிறேன். நீங்கள் எந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். 1962இல் நியூயார்க்கில், நியூ ஸ்கூல் என்ற கல்வி நிலையத்தில், ஓய்வுபெற்றவர்களுக்கான ஒரு அமைப்பு தொடங்கியது. தொடங்கியது யார் தெரியுமா? ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். டீச்சர், உங்கள் ஆட்கள். யாரோ ஒரு பேராசிரியர் வந்து பேச, தாங்கள் கைகட்டிக் கேட்பது என்ற ஏற்பாடு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. உறுப்பினர்களே பாடத்தைத் தயாரிப்பது, உறுப்பினர்களே நடத்துவது என்று வைத்துக்கொண்டார்கள். அந்த வழியில் வந்தவைதான் பின்னால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முளைத்த முதியோர் கல்வி நிலையங்கள். மெய்ன் மாநிலத்தில் 1997இல் தொடங்கிய ஒன்றைப் பார்த்துவிட்டு பெர்னார்ட் ஓஷர் அறக்கட்டளை பணம் போட ஆரம்பித்தது. இன்று அந்தப் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. உங்கள் வக்கீலும் அநேகமாக உங்களைப் போல ஒரு உறுப்பினராகத்தான் இருப்பார். மிளகைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள் சொல்ல வேண்டும் என்றுதானே அந்த ஏற்பாடே.

ஐரோப்பாவிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் என்ற சட்டப் பேராசிரியர் 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வரும் காலத்தைத்தான் மூன்றாம் வயது என்கிறார்கள். பல்கலைக்கழகம் பாடம் நடத்தும், பெரியவர்கள் வந்து கேட்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் 1980களின் தொடக்கத்தில் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோன பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் மூவரும் அதைத் தலைகீழாக்கினார்கள். பல்கலைக்கழகம் என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பேராசிரியர்களை வெளியே விட்டார்கள். கற்பவரே கற்பிப்பார், கற்பிப்பவரே கற்பார். சேர எந்தத் தகுதியும் வேண்டாம், படித்து முடித்தால் எந்தப் பட்டமும் இல்லை. யார் வீட்டுக் கூடத்திலாவது பத்துப் பேர் கூடுவார்கள், ஒருவர் இத்தாலிய மொழி சொல்லிக்கொடுப்பார், இன்னொருவர் பறவைகளைக் காட்டுவார். லாஸ்லெட் கேம்பிரிட்ஜில் வரலாற்று அறிஞர், தாமே பேராசிரியக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதையும் கவனியுங்கள்.

இணையத்துக்கு இது வந்ததும் பழைய கதைதான். ஆஸ்திரேலியாவில் 1998இலேயே மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகத்தின் இணைய வடிவம் தொடங்கிவிட்டது. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கும், தூரத்துப் பண்ணைகளில் தனியாக இருப்பவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். 2020இல் கொரோனா வந்தபோது எல்லா ஊர் வகுப்புகளும் ஜூமுக்குள் போயின. அதற்கப்புறம்தான் ஊர்விட்டு ஊர் வகுப்பைப் பகிர்ந்துகொள்வது பரவலானது. சின்ன ஊரில் நல்ல இசை ஆசிரியர் கிடைக்க மாட்டார், பக்கத்து மாநிலத்தில் கிடைப்பார், இரண்டு பேரும் பயன் பெறலாம். நாமக்கல்லில் உட்கார்ந்து நீங்கள் படிக்க முடிகிறதே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இதில் ஒரு கேடும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வீட்டுக் கூடத்தில் பத்துப் பேரில் ஒருவராக உட்கார்ந்து ஒளிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் இருப்பவர் 'நீங்க என்ன நினைக்கிறீங்க' என்று கேட்டுவிடுவார். திரையில் இருநூறு பேர் என்றால் கறுப்புக் கட்டத்துக்குள் பெயரை மட்டும் விட்டுவிட்டு ஆள் சமையலறைக்குப் போய்விடலாம். எத்தனை ஊர் சேர்கிறதோ அத்தனைக்கு மௌனம் பெருகுகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று நிலையங்கள் கணக்குச் சொல்கின்றன. எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் தேவலை.

அதனால்தான் உங்களிடம் மல்லுக்கு நிற்கிறேன். இந்த வாரமே நிலையத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரே ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம், தலைப்பு மிளகு. மலையில் இருக்கும் சொந்தக்காரர்களை விட்டு, கொடி சில்வர் ஓக்கைப் பற்றி ஏறும் இடத்தையும், சரத்தில் பச்சையும் சிவப்பும் கலந்து தொங்குவதையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூற்றில் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வக்கீல் வாயடைத்துப் போவார். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும். பேத்தியையோ பேரனையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ரசம் எப்படி வைப்பது என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், அதற்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.

எந்தப் படிப்பில் சேரலாம் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அதை இந்த வகுப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாள் குறித்ததும் எனக்கும் இணைப்பை அனுப்புங்கள். வயது எனக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது, சேர்த்துக்கொள்வார்கள். என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வால்மிளகு என்று ஒன்று தருகிறார்களே, காம்போடு இருப்பது, அது நம் மிளகுக் கொடியிலேயே ஒரு வகையா, அல்லது வேறு கொடியா? கடைக்காரரைக் கேட்டால் 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்புடன்.