ஹைபிரிட் கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: என் காரின் பின்புறம் ‘ஹைபிரிட்’ என்று பொறித்திருக்கிறது, ஆனால், ஒருமுறைகூட எஞ்சின் ஓடாமல் நகர்ந்ததில்லை. பழுதா? (சூரமங்கலம்)

ப: பழுதில்லை. பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த காரே ஹைபிரிட்; உங்களுடையது அதில் மைல்டு ஹைபிரிட். பெல்ட் மூலம் எஞ்சினுடன் இணைந்த அதன் சிறு மோட்டார், சிக்னலில் அணைந்த எஞ்சினைக் கிளப்பவும் வேகமெடுக்கையில் சற்றுக் கைகொடுக்கவும் மட்டுமே பயன்படும்.

கே: ஸ்ட்ராங் ஹைபிரிட்டை எத்தனை மணி நேரம் சார்ஜ் போட வேண்டும்? (ஆத்தூர்)

ப: போடவே முடியாது, அது வீட்டு மின்சாரத்தில் செருகிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் வகைக்கு மட்டுமே. ஸ்ட்ராங் ஹைபிரிட் சற்றுத் தூரம் மோட்டாரால் மட்டுமே ஓடும்; அதன் பேட்டரியை எஞ்சினும், வேகம் குறைக்கையிலும் இறக்கத்திலும் ஜெனரேட்டராக மாறும் மோட்டாருமே நிரப்பிவிடும். பணம் கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கே: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியிலேயே பேட்டரி நிறைந்து, எஞ்சின் இரைகிறது. பெட்ரோல் வீணாகாமலிருக்க நியூட்ரலில் விடலாமா? (அஸ்தம்பட்டி)

ப: கூடவே கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி மட்டும் வந்துகொண்டேயிருக்கிறது. ஒன்றரை டன் எடையுள்ள கார் 1,200 மீட்டர் இறங்கும்போது சுமார் 5 யூனிட் ஆற்றல் வெளிப்படுகிறது. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட்களின் பேட்டரியோ முக்கால் யூனிட்தான். அதிலும் ஒரு பகுதியையே கணினி பயன்படுத்த விடுகிறது. ஆகவே, 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிலவற்றைக் கடப்பதற்குள் அது நிறைந்துவிடுவது இயல்பே. அதன்பின் மிஞ்சும் மின்சாரத்தைச் செலவழிக்க, மோட்டார் எஞ்சினை வெறுமனே சுழற்றுகிறது. அந்த இரைச்சலில் பெட்ரோல் எரிவதில்லை. நியூட்ரலில் விட்டாலோ பேட்டரியும் ஏறாது, எஞ்சினும் பிடிக்காது. முழுச் சுமையும் பிரேக் மீதே விழும். அடிவாரத்தில் வந்து நிற்கும் கார்களின் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை வீசுவதை நீங்களே முகர்ந்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால், மிதி தரைவரை போகும், கார் நிற்காது. கியரில் ‘B’ நிலை (எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடித்து வைப்பது; நிறுத்தும்போது போடும் ‘P’ அல்ல) இருந்தால், மலை உச்சியிலேயே அதற்கு மாற்றிவிடுங்கள்.

கே: ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் எஞ்சின் சத்தம் வேகத்தோடு ஒத்துப்போவதில்லையே? (ஓமலூர்)

ப: அதில் பெரும்பாலும் சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார்தான், எஞ்சின் ஜெனரேட்டரை ஓட்டுகிறது. நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும்போது மட்டும் கிளட்ச் இணைந்து, எஞ்சின் நேரடியாக இழுக்கும்.

கே: சில வாரங்கள் நிறுத்தி வைத்திருந்த ஹைபிரிட் கிளம்பவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டதா? (வாழப்பாடி)

ப: முதலில் சாதாரண 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள், அது இறங்கினால் கணினியே விழிக்காது. ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் உள்ளூர் மெக்கானிக் தொட விடாதீர்கள்; அவற்றிலுள்ள மின்னழுத்தம் உயிரைப் பறிக்கும்.