பத்து லிட்டர் கேஸுக்குள் ஒரு பிசி: கேள்வி பதில்

சிறிய கேஸில் (பாகங்களை வைக்கும் பெட்டி, அதன் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள்) பிசி அசெம்பிள் செய்வது பற்றிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பத்து லிட்டர் கேஸ் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டேன். அதற்குள் எந்தப் பிராசசர், எந்த கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்?

எல்லோரும் கேஸில்தான் தொடங்குகிறீர்கள். வாட் கணக்கில் தொடங்குங்கள். பிராசசரும் கார்டும் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுசாகச் சூடாகத்தான் மாறும். கூலர் அந்தச் சூட்டைக் குறைப்பதில்லை, வேறு இடத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பெரிய கேஸில் தள்ளுவதற்கு இடம் இருக்கிறது, சின்னதில் இல்லை.

பிராசசர் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை அப்படியே நம்ப வேண்டாம். ரைசன் 5 7600-க்கு 65 என்று இருக்கும், 88 வரை இழுக்கும். 170 என்று போட்ட ரைசன் 9 7950எக்ஸ் 230 வரை போகும். இன்டெல் ஐ5 14400-இல் 65 என்பது அடிப்படைக் கணக்கு, வேகத்தைத் தானாக ஏற்றும் டர்போவில் 148. என்னைக் கேட்டால், பத்து லிட்டருக்குப் பிராசசர் 90 வாட், கார்டு 200 வாட் என்று கோடு போட்டுக்கொள்வேன். 7600 பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டும் அந்தக் கோட்டுக்குள் சரியாக உட்காரும்.

அப்புறம் மில்லிமீட்டர். கூலர் உயரம், கார்டின் நீளம் இரண்டையும் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். கார்டின் தடிமனைத்தான் விட்டுவிடுகிறார்கள். தடிமனை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள். இரண்டு ஸ்லாட் என்றால் ஏறக்குறைய 40 மி.மீ., இரண்டரை ஸ்லாட் 50-ஐத் தொடும். கார்டு உள்ளே போய்விட்டது என்று சந்தோஷப்பட்டு, பக்கவாட்டுப் பேனலை மூடும்போது 16-பின் பவர் கேபிள் இடிப்பதும் நடக்கும். அந்தக் கேபிள் பிளக்கிலிருந்து 35 மி.மீ. அளவுக்காவது நேராக வந்த பிறகுதான் வளைய வேண்டும். அந்த இடத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 37 மி.மீ. உயரக் கூலர் போட்டிருக்கிறேன். ரைசன் 7000 வரிசைப் பிராசசர் ரெண்டரிங்கில் 95 டிகிரி தொடுகிறது. கெட்டுப்போகுமா?

கெடாது. அந்த வரிசையில் பல பிராசசர்கள் 95 வரை போய் அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 7800எக்ஸ்3டி போன்றவற்றுக்கு மட்டும் எல்லை 89. ஆனால் அந்தச் சூட்டுக்காக ஃபேன் முழு வேகத்தில் கத்துவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ஈகோ மோட் என்று மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கும், 65 வாட் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு கர்வ் ஆப்டிமைசரில் (பிராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) எல்லா கோர்களுக்கும் மைனஸ் 15-இல் ஆரம்பித்து, ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்து, ஐந்து ஐந்தாக இறக்குங்கள். சும்மா இருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆனால் ஒரு படி மேலே வாருங்கள். கார்டிலும் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள், பெரும்பாலான விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. புதிய ஃபேன் வாங்குவதற்கு முன்னால் இந்த இலவச வேலையை முடித்துவிடுங்கள்.

கேள்வி: சார், கூடுதலாக ஒரு ஃபேன் மாட்டினேன், கார்டின் சூடு முன்பைவிட ஏறிவிட்டது. ஃபேன் கோளாறா?

ஃபேன் நன்றாகத்தான் இருக்கும், திசைதான் தப்பு. கார்டு துப்பும் சூடான காற்றையே அது உள்ளே இழுக்கிறது என்று சந்தேகிக்கிறேன். ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு துளைப்பகுதியிலும் பிடித்துப் பாருங்கள். எங்கே ஒட்டிக்கொள்கிறதோ அங்கே காற்று உள்ளே போகிறது, எங்கே படபடக்கிறதோ அங்கே வெளியே வருகிறது. இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் ஃபேனைத் திருப்பி மாட்டுங்கள்.

இன்னொரு சோதனை. பக்கப் பேனலைக் கழற்றிவிட்டு அதே விளையாட்டை 15 நிமிடம் ஓட்டுங்கள். சூடு பத்துப் பன்னிரண்டு டிகிரி விழுந்தால் கேஸுக்குக் காற்று போதவில்லை. இரண்டு மூன்றுதான் விழுந்தால் கேஸைத் திட்டிப் பயனில்லை, கூலர் சரியாக உட்காரவில்லை அல்லது தெர்மல் பேஸ்ட் சரியில்லை என்று பாருங்கள்.

கேள்வி: 650 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சிறிய கேஸுக்கான அளவு) பவர் சப்ளை போதுமா?

நான் மேலே சொன்ன 7600, 4070 ஜோடிக்குத் தாராளம். கேஸ் இடம் கொடுத்தால் எஸ்எஃப்எக்ஸ்-எல் பாருங்கள். 130 மி.மீ. நீளம் என்பதால் 120 மி.மீ. ஃபேன் வைக்க முடிகிறது, சத்தம் குறையும். சாதாரண எஸ்எஃப்எக்ஸ் 100 மி.மீ.தான்.

கேள்வி: அண்ணா, ரைசர் கேபிள் (கார்டைத் தள்ளி வைத்து மதர்போர்டோடு இணைக்கும் கேபிள்) வழியாகக் கார்டை மாட்டினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. நேராக மாட்டினால் வேலை செய்கிறது.

கேபிள் பிசிஐஇ (கார்டும் மதர்போர்டும் பேசும் இணைப்பு) 3.0 தலைமுறை, கார்டு 4.0 என்று நினைக்கிறேன். மதர்போர்டு 4.0 வேகத்தில் பேச முயல்கிறது, கேபிள் தாங்கவில்லை. மானிட்டரை மதர்போர்டிலேயே செருகி (பிராசசரில் கிராஃபிக்ஸ் இருந்தால்) பயாஸுக்குள் போய், அந்த ஸ்லாட்டை ஜென் 3 (அதாவது 3.0) என்று கையால் மாற்றுங்கள். பிராசசரில் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் கார்டை நேராக மாட்டி இதைச் செய்துவிட்டு, ரைசருக்குத் திரும்புங்கள். வேக இழப்பு பொதுவாகச் சொற்பம். ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி எட்டு லேன் (தகவல் போகும் பாதை) மட்டுமே உள்ள கார்டுகளில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவர்கள் 4.0 கேபிளே வாங்கிவிடலாம்.

கேள்வி: லிக்விட் கூலர் போட்டால் பிரச்சினை தீருமா?

பிராசசர் சூடு நேராகக் கேஸின் ஓரத்துக்குப் போவது நல்லதுதான். ஆனால் கீழ்நோக்கி ஊதும் சின்னக் கூலர் பிராசசரைச் சுற்றியுள்ள விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி), ரேம் மேலெல்லாம் காற்று விட்டுக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் அவை புழுங்கும். பம்ப் மொத்தச் சுற்றிலேயே உயரமான இடத்தில் இருக்கக் கூடாது, காற்றுக் குமிழி அங்கே போய்த் தங்கிக் கடகடவென்று சத்தம் போடும். 90 வாட் பிராசசருக்கு இந்தத் தலைவலி தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: மதர்போர்டின் பின்பக்கம் மாட்டிய எஸ்எஸ்டி 78 டிகிரி காட்டுகிறது.

அங்கே காற்றே போகாது. அதிகம் எழுதும் டிரைவை முன்பக்க ஸ்லாட்டுக்கு, ஹீட்சிங்குக்கு அடியில் மாற்றுங்கள். பின்னால் இருப்பதற்கும் கேஸின் உலோகத் தட்டுக்கும் நடுவே சரியான தடிமனில் தெர்மல் பேட் வையுங்கள், தட்டு முழுக்க ஹீட்சிங்காக மாறிவிடும். பேட் தடிமன் அதிகமாகி மதர்போர்டை வளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரவுசர் திறந்தாலே ஃபேன் 'உய்ங்' என்று ஏறி இறங்குகிறது.

பிராசசர் ஒரு நொடியில் 20 டிகிரி தாவும், அது இயல்பு. பயாஸில் ஃபேன் ஸ்டெப்-அப் நேரத்தை (சூடு ஏறிய பின் ஃபேன் வேகம் ஏற எடுக்கும் நேரம்) சில நொடிகளுக்குத் தள்ளி, 70 டிகிரி வரை ஒரே வேகத்தில் ஓடும்படி வையுங்கள்.

கேள்வி: கண்ணாடிப் பேனலா, வலைப் பேனலா?

கார்டின் ஃபேன் அந்தப் பக்கம் பார்த்திருந்தால் வலைதான். யோசிக்கவே வேண்டாம்.