ஆற்றில் பாஸ்பேட் இருந்தால் வீடு கட்ட ஏன் அனுமதி கிடைப்பதில்லை?

கேள்வி இது: "இங்கிலாந்தில் ஹெரஃபர்ட்ஷயர் பக்கம் மனை வாங்கலாம் என்று இருக்கிறோம். ஆற்றில் பாஸ்பேட் அதிகம், கட்ட அனுமதி கிடைக்காது என்று பயமுறுத்துகிறார்கள். ஆறு கெட்டுப்போனதற்கும் நாங்கள் கட்டப்போகும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு, ஆனால் ரொம்பச் சின்னது. அதற்காகப் போட்ட முட்டுக்கட்டைதான் பெரியது. இந்த மாவட்டத்தில் சிறு கட்டுநர்களுக்குக் கழிவுநீர்க் கணக்கு போட்டுக் கொடுப்பது என் தொழில், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டம். இந்த மாவட்டத்தில் ஓடும் வை ஆறும் அதில் கலக்கும் லக் ஆற்றின் ஒரு பகுதியும் சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகள். அப்படிப்பட்ட இடத்துக்குக் கேடு வராது என்று உறுதியானால்தான் கவுன்சில் ஒரு கட்டுமானத்துக்கு அனுமதி தரலாம். நெதர்லாந்தின் நைட்ரஜன் வழக்கில் 2018 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: ஏற்கெனவே மோசமான நிலையில் இருக்கும் இடத்தில் மேலும் மாசு சேர அனுமதிப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. லக் ஆற்றில் பாஸ்பேட் அப்போதே வரம்பைத் தாண்டியிருந்தது. அரசின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்ட, 2019 இறுதியிலிருந்து லக் படுகையில் (அந்த ஆற்றுக்குத் தண்ணீர் வடியும் பரப்பில்) வீட்டு மனுக்கள் அப்படியே நின்றன. "தடை" என்று யாரும் உத்தரவு போடவில்லை. கையெழுத்து விழவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்பேட் ஏன் இவ்வளவு முக்கியம்? நன்னீரில் பாசி வளராமல் கட்டுப்பட்டிருப்பதே பெரும்பாலும் பாஸ்பேட்டில் இருக்கும் பாஸ்பரஸ் போதாததால்தான். அது தாராளமாகக் கிடைத்தால் வெயில் காலத்தில் ஆறு பச்சையாகிறது, அடியில் இருக்கும் செடிகளுக்கு வெளிச்சம் போவதில்லை, அவற்றை நம்பியிருக்கும் பூச்சியும் மீனும் குறைகின்றன. வை ஆற்றில் வெள்ளைப் பூ பூக்கும் நீர்ச்செடி நீண்ட தூரத்துக்குக் காணாமல் போயிருக்கிறது. 2023ல் நேச்சுரல் இங்கிலாந்து இந்த ஆற்றின் நிலையை "மோசம், மேலும் சரிகிறது" என்று இறக்கியது.

சரி, ஒரு வீடு எவ்வளவு சேர்க்கும்? ஒரு வீட்டுக்குச் சராசரியாக 2.4 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குச் சுமார் 105 கன மீட்டர் கழிவுநீர். ஊர்ச் சுத்திகரிப்பு நிலையம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் வரை விட்டு வெளியேற்றினால், உங்கள் வீட்டின் பங்கு வருடத்துக்கு 105 கிராம். பாஸ்பரஸை நீக்கும் வசதி இல்லாத கிராமத்து நிலையம் என்றால் 5 மில்லிகிராம் இருக்கலாம், அப்போது அரைக் கிலோ. சாக்கடை இணைப்பே இல்லாமல் பழைய செப்டிக் டேங்க் என்றால் 10 மில்லிகிராமுக்கும் மேலே, அதாவது ஒரு கிலோவைத் தாண்டும். நல்ல நிலையத்தோடு இணைந்த பத்து வீடுகளின் பங்கை ஒற்றைச் செப்டிக் டேங்க் வீடு சேர்த்துவிடும். மனை பார்க்கப் போகிறவர்கள் சன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று கேட்கிறார்கள், குழாய் எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

(பலருக்குத் தெரியாத ஒன்று: இங்கே குழாய்த் தண்ணீரிலேயே பாஸ்பேட் இருக்கிறது. பழைய வீடுகளின் ஈயக் குழாயிலிருந்து ஈயம் கரையாமல் இருக்கக் குடிநீர் நிறுவனங்களே அதைச் சேர்க்கின்றன. சலவைத் தூளையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.)

அப்படியானால் மிச்சப் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? இனி கோழிக்கு வருவோம். வை படுகையில் எந்த நேரத்திலும் 2 கோடிக்கு மேற்பட்ட கோழிகள் வளர்கின்றன. அவற்றின் தீவனத்தில் சேரும் சோயாவில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. அதிலுள்ள பாஸ்பரஸ் எருவாகி இந்த மாவட்டத்து வயல்களில் தங்கிவிடுகிறது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2022ல் வெளியிட்ட ஆய்வு, படுகையில் வருடத்துக்குச் சுமார் 3,000 டன் பாஸ்பரஸ் உபரியாகச் சேர்கிறது என்று கணக்கிட்டது. மேலே சொன்ன 105 கிராமால் வகுத்துப் பாருங்கள்: சுமார் 2.86 கோடி வீடுகள் வரும். இங்கிலாந்து முழுவதும் இருப்பதே ஏறக்குறைய இரண்டரைக் கோடிதான்! இந்த ஒப்பீட்டில் ஒரு நேர்மைக் குறிப்பு வேண்டும். அந்த 3,000 டன்னும் ஆற்றுக்குள் போவதில்லை, பெரும்பகுதி மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் மண் நிறைந்த பிறகு ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு வரும். இன்றைக்கே எருப் போடுவதை நிறுத்தினாலும் அந்தக் கசிவு பல வருடம் ஓயாது.

அப்புறம் ஏன் வீட்டைப் பிடித்தார்கள்? வீட்டுக்குத்தான் புது அனுமதி வேண்டும், மனு மேசைமேல் இருக்கிறது, மறுக்க முடிகிறது. பல ஆண்டுகளுக்கு முன்பே அனுமதி வாங்கிய கோழிக் கொட்டகை புதிதாக யாரிடமும் வந்து நிற்பதில்லை. 40,000 கோழிகளுக்கு மேல் வளர்க்கும் பண்ணைக்குச் சுற்றுச்சூழல் உரிமம் உண்டு, ஆனால் எரு லாரியில் ஏறி வேறொருவர் வயலுக்குப் போன பிறகு அந்த உரிமத்தின் பிடி தளர்ந்துவிடும். எருவை எப்படிப் போட வேண்டும் என்று 2018லிருந்து தனி விதிகள் இருக்கின்றன, நடைமுறையில் கண்டிப்பு குறைவு. ஆக, சட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன். கைக்கு எட்டியவனை மட்டும் பிடித்தது, அதுதான் என் குறை. "எங்கள் பங்கு ஒரு துளிதானே" என்ற கட்டுநர்களின் வாதத்தையும் நான் முழுதாக ஏற்பதில்லை. வரம்பைத் தாண்டிய ஆற்றில் எல்லாரும் துளிதான் சேர்க்கிறார்கள்.

அடிபட்டது யார் என்று கேட்டால், பெரிய நிறுவனங்கள் அல்ல. அவர்களுக்கு வேறு மாவட்டத்தில் மனை இருக்கும், ஆட்களை அங்கே மாற்றிவிடுவார்கள். லக் கரையிலுள்ள லியோமின்ஸ்டர் பக்கம் நாலு வீடு, ஆறு வீடு என்று கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் போக இடமில்லை. நிலத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும், தச்சரும் கொத்தனாரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். என்னிடம் வந்தவர்களில் சிலர் கணக்கைக் கேட்டுவிட்டு மனையையே விற்றுவிட்டார்கள்.

2022 மார்ச்சில் இதே விதி மேலும் 42 உள்ளாட்சிகளுக்கு நீண்டு மொத்தம் 74 ஆனது. அப்போதுதான் லண்டனுக்குக் காது கேட்டது. 2023 ஆகஸ்டில் அன்றைய அமைச்சர் மைக்கேல் கோவ் இந்த விதியையே தளர்த்தப் பார்த்தார், செப்டம்பரில் பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்தது. அன்று எதிர்த்த தொழிற்கட்சி, ஆட்சிக்கு வந்தபின் வேறு வழி பிடித்தது: கட்டுபவர் ஒரு நிதியில் பணம் கட்டிவிட்டால், ஈடுசெய்யும் வேலையை நேச்சுரல் இங்கிலாந்து மொத்தமாகப் பார்த்துக்கொள்ளும். பணம் வாங்கியதும் வீடு எழும்பிவிடும், மாசை வடிகட்டும் ஈரநிலம் எப்போது வரும் என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

ஹெரஃபர்ட்ஷயர் கவுன்சில் இதற்கு முன்பே சொந்தமாக ஒரு வழி கண்டது. லஸ்டன் கிராமத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அருகில் நிலம் வாங்கி, ஆழமில்லாத குளங்கள் வெட்டி, நாணல் வகைகளை நட்டு, வெளியேறும் நீரை அதன் வழியே விடுகிறது. அங்கே மிச்சமாகும் பாஸ்பேட்டைக் "கிரெடிட்" என்று கட்டுநர்களுக்கு விற்கிறது. உங்கள் வீடு சேர்க்கும் அளவுக்கு அங்கே கழிந்தால் கணக்கு நேராகிவிடும். பக்கத்து வீட்டின் பழைய செப்டிக் டேங்கை நல்லதாக மாற்றிக் கொடுத்தும் ஈடு செய்யலாம், ஆனால் அதற்கு அந்த வீட்டுக்காரர் ஒத்துழைக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாவட்டம் முழுக்க இந்தச் சிக்கல் இல்லை. லக் படுகை, வட மூலையில் க்ளன் ஆற்றுப் படுகை, இவை இரண்டிலும்தான் கணக்கு கேட்பார்கள். கவுன்சில் தளத்தில் வரைபடம் இருக்கிறது. மனை எங்கே என்பதைவிட அதன் கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகிறது, அந்த நிலையம் எந்த ஆற்றில் விடுகிறது என்று பாருங்கள். படுகைக்கு வெளியே மனை இருந்தும் குழாய் உள்ளே போனால் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்து, நிலையத்தின் பாஸ்பரஸ் வரம்பு. இந்தப் படுகைகளில் 2,000 பேருக்கு மேல் கையாளும் நிலையங்களை 2030 ஏப்ரலுக்குள் 0.25 மில்லிகிராமுக்கு இறக்க வேண்டும் என்று 2023ல் சட்டம் வந்திருக்கிறது. அந்த அளவில் ஒரு வீட்டின் பங்கு 26 கிராம்தான், வாங்க வேண்டிய கிரெடிட்டும் அதற்கேற்பக் குறையும். செப்டிக் டேங்க் ஒன்றுதான் வழி என்ற மனையை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், கிரெடிட் கையில் கிடைக்கும் என்ற எழுத்து வரும்வரை முன்பணம் கொடுத்து வாங்காதீர்கள்.