கழுத்து முறிந்த கிடார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் கிடார் கீழே விழுந்து, தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே முறிந்து தொங்குகிறது. ஒட்டினால் நிற்குமா? (தங்கச்சிமடம்)

பெரும்பாலும் நிற்கும். முதலில் தந்திகளைத் தளர்த்திவிடுங்கள். ஆறு இரும்புத் தந்திகளும் சுருதியில் நிற்கும்போது சுமார் 70 கிலோ இழுவிசை கழுத்தின் மீது இருக்கும். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்த கிடார்களில் மரத்தின் இழைகள் அந்த வளைவில் குறுக்கே வெட்டுப்பட்டிருப்பதாலும், கழுத்தை நேராக வைக்க உள்ளே ஓடும் இரும்புக் கம்பிக்காக மரம் குடையப்பட்டிருப்பதாலும், அங்குதான் முறிவு நேர்கிறது. முறிவு நீளமாகச் சாய்ந்து ஓடியிருந்தால் பசை பிடிக்கும் பரப்பு கூடுதலாகக் கிடைக்கும். குறுக்கே நேராக ஒடிந்திருந்தால் பசை மட்டும் போதாது, பின்புறம் மெல்லிய மரச் சட்டங்கள் பதித்து வலுவூட்ட வேண்டும்.

முறிந்த முகங்களை மீண்டும் மீண்டும் பொருத்திப் பார்க்காதீர்கள். நார்கள் நசுங்கினால் இணைப்பு சரியாகச் சேராது. கிளாம்ப்பையும் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) மரத்துண்டுகளையும் பசையின்றி ஒருமுறை பூட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டு, பிறகு ஃபெவிகால் போன்ற மரப்பசையை ஒவ்வொரு நாரிடுக்கிலும் செலுத்துங்கள். உள்ளிருக்கும் கம்பியில் மட்டும் அது படக் கூடாது. வழியும் பசையை ஈரத்துணியால் துடையுங்கள். கிளாம்ப் கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இறுகச் சுற்றலாம். ஒரு முழு நாள் அசைக்காமல் வைத்திருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோரக் காற்றில் ஈரம் மிகுந்து பசை மெல்லவே உலரும் என்பதால், தந்தி பூட்ட மேலும் சில நாட்கள் பொறுப்பதே நல்லது.

அவசரத்தில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன், மறுபடியும் விட்டுவிட்டது. இப்போது என்ன செய்யலாம்? (கீழக்கரை)

இது முதல் முறிவைவிடக் கடினமான நிலை. காய்ந்த பசை நாருக்குள் ஊறிவிட்டதால் மரப்பசை இனி அங்கே பிடிக்காது. அசிட்டோன் அதை இளக்கும் என்றாலும் கிடாரின் மெருகையும் கரைத்துவிடும். எனவே பஞ்சில் தொட்டு முறிவின் உட்புறத்தில் மட்டும் தடவிச் சுரண்டி எடுங்கள். அதன் பிறகு இரு கலவை எபாக்சியால் ஒட்டி, முறிவின் குறுக்கே மரச் சட்டங்கள் பதிக்க வேண்டும். அந்தப் பதிப்பு வேலையைக் கைதேர்ந்த தச்சரிடம் ஒப்படைப்பதே முறை.

ஃபைபர் படகுக்குப் பூசும் ரெசின் வீட்டில் இருக்கிறது. அது உதவுமா? (மண்டபம்)

வேண்டாம். படகில் வழக்கமாகப் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின்; அது மரத்தை எபாக்சியைப் போல இறுகப் பற்றாது.

எலெக்ட்ரிக் கிடாரின் கழுத்து நடுவில் ஒடிந்துவிட்டது. (தொண்டி)

பின்புறம் நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்ட கழுத்து என்றால், ஒட்டுவதைவிட மாற்றுவதே சிறந்தது. வாங்குமுன் பழைய கழுத்தில் நட்டிலிருந்து (தலைப்பகுதி அருகே தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு) 12ஆம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து இரட்டியுங்கள். பல கிடார்களில் 648 மி.மீ. வரும். புதிய கழுத்தும் அதே அளவில் இல்லையென்றால் சுருதி எந்த ஃப்ரெட்டிலும் சேராது. உடலிலுள்ள பள்ளத்தின் அகலத்தையும் மறவாமல் ஒப்பிடுங்கள்.

அப்பா வாசித்த கிடார். கழுத்து சிதறிவிட்டது, உடல் நன்றாக இருக்கிறது. அலங்காரப் பொருளாக்கத்தான் முடியுமா? (பாம்பன்)

அதற்குள் அந்த முடிவுக்கு வர வேண்டாம். இரும்புத் தந்திக் கிடாராக இருந்தால், அதை மடியில் கிடத்தி, தந்திகள்மேல் நகர்த்தும் உருளையால் வாசிக்கும் கருவியாக மாற்றலாம். சித்திரவீணையைப் போல இதற்கும் ஃப்ரெட்டுகள் தேவையில்லை; ஆகவே நுட்பமான ஃப்ரெட் கணக்கு தெரியாத தச்சரும், வள்ளம் செய்பவராக இருந்தாலும், உலர்ந்த தேக்கில் நேரான, தடித்த கழுத்தைச் செய்து பொருத்திவிட முடியும். தந்திகளை முறுக்கும் பழைய முடுக்கிகளை உப்புத்துரு நீக்கி எண்ணெயிட்டு மீண்டும் பயன்படுத்துங்கள். நட்டை உயர்த்தி, தந்திகளைத் தடித்ததிலிருந்து ச-ப-ச-க-ப-ச எனச் சேர்த்தால், உருளையை ஒரே நேர்க்கோட்டில் வைத்தாலே முழு ஒலிக்கோவை (கார்டு) கிடைக்கும். நைலான் தந்திக்கென்று செய்த உடலானால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இரும்புத் தந்தியின் இழுப்பில் மேற்பலகை மேலெழும்பிவிடும்.